முதல் நியமனமும் விரும்பிய வார்ட்டும்

(உயர்தர மாணவர்களுக்கும் பெற்றோருக்குமாக நமது சங்கத்தின் மாதர் பிரிவு நடத்திய கல்விக் கூட்டத்தில், தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தாதிய உத்தியோகத்தர் ஒருவர் ஆற்றிய உரை.)



வாரத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வு நாளை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். விறகு, உடுப்புக் கழுவுதல், கடைக்குப் போவது எல்லாம் வீட்டில் காத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் சுற்றி வளைக்காமல் பேசுகிறேன்.

போன மாதம் தலைவி எனக்கு போன் எடுத்தார். "நம்ம பிள்ளைகளில் சிலபேர் தாதிப் படிப்பை முடித்துவிட்டு வேலைக்கு நிற்குதுகள். சிலபேர் படிக்கப் போறோம் என்று சொல்லுதுகள். எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்குதுகள்: விரும்பின பிரிவில் வேலை கிடைக்குமா? நீ வந்து சொல்லு" என்றார். எனக்கு மேடைப் பேச்சு வராது. வார்ட்டில் நோயாளியின் வீட்டாருக்கு விளக்கம் சொல்வது போலச் சொல்கிறேன். விளங்காவிட்டால் இடையிலேயே கேளுங்கள்.

ஏன் தாதியானேன்

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது அம்மாவுக்கு ஏழரை மாதத்தில் வலி வந்துவிட்டது. மழைக்காலம். தோட்டத்து லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தம்பி பிறந்தான். இரண்டு நாள் உயிரோடு இருந்தான்.

அங்கே இருந்த மிஸ்மார் நன்றாகத்தான் கவனித்தார்கள் என்று அம்மா சொல்வார். ஆனால் பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்று அம்மாவுக்கு விளங்கும் மொழியில் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தான். கையை விட்டுத் தொடலாமா, கூடாதா என்று கேட்க அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அம்மா ஒரு விஷயத்தைத்தான் சொல்லிச் சொல்லிக் கவலைப்படுவார். "ஒரு தடவையாச்சும் தொட்டுப் பார்த்திருக்கலாம்" என்பார்.

குறைமாதப் பிள்ளைகளைப் பார்க்கும் அந்தப் பிரிவை ஆஸ்பத்திரியில் நாங்கள் பிபியு என்று சொல்வோம். அங்கே வேலை செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது அப்படித்தான். தம்பி தங்கைகளே, உங்களில் ஒருவருக்கு சத்திரசிகிச்சைக் கூடம் பிடிக்கலாம். ஒருவருக்கு அதிதீவிர சிகிச்சைப் பிரிவு, ஒருவருக்கு மனநல வார்ட்டு, ஒருவருக்குப் பிரசவ அறை. அந்த ஆசைக்குப் பின்னால் பெரும்பாலும் வீட்டில் நடந்த ஏதோ ஒன்று இருக்கும். ஆசையை விட வேண்டாம். ஆனால் அது நிறைவேறுகிற வழி எப்படி இருக்கிறது என்பதை இன்றைக்கே தெரிந்துகொள்ளுங்கள்.

நம்மில் தாதிமார் ஏன் குறைவு

நமது தாத்தா பாட்டி காலத்தில் ஒரு தோட்டத்துப் பெண் அரசாங்கத் தாதியாக வருவதை நினைத்துப் பார்க்கவும் முடியாது. 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. பிரஜையாக இல்லாதவருக்கு அரசாங்க உத்தியோகம் ஏது? தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது 1970களில்தான். அதுவரை பல இடங்களில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். 1988 இலும் 2003 இலும் வந்த சட்டங்களோடுதான் பிரஜாவுரிமைப் பிரச்சினை தீர்ந்தது. இந்தச் சங்கத்தில் சந்தா கட்டிப் போராடியவர்களின் பங்கு அதில் இருக்கிறது.

ஆகவே தாதி வேலையில் நாம் இன்னும் முதல் தலைமுறை, இரண்டாம் தலைமுறைதான். வழி கேட்க வீட்டில் ஒரு சித்தியோ அத்தையோ இல்லை. அதனால்தான் நம்ம பிள்ளைகள் சின்னச் சின்ன இடங்களில் தடுமாறுகின்றன. நான் தடுமாறிய இடங்களைச் சொல்கிறேன்.

படிப்பில் கவனிக்க வேண்டியது

பதிவு பெற்ற தாதியாக வர முக்கியமான வாசல் இரண்டு. ஒன்று, சுகாதார அமைச்சு நடத்தும் தாதியர் பயிற்சிக் கல்லூரி. மூன்று வருடப் பயிற்சி. வர்த்தமானியில் விண்ணப்பம் கோருவார்கள். இரண்டாவது, பல்கலைக்கழகத்தில் நான்கு வருடத் தாதியியல் பட்டம். பேராதனை, கொழும்பு, யாழ்ப்பாணம், கிழக்குப் பல்கலைக்கழகங்களில் இந்தப் படிப்பு இருக்கிறது. இரண்டுக்குமே உயர்தர விஞ்ஞானப் பிரிவுதான் படி. நான் போனது பட்டப் படிப்புக்கு. பாடமெல்லாம் ஆங்கிலத்தில். முதல் ஆறு மாதம் அகராதியோடுதான் தூங்கினேன்.

பெற்றோருக்கு ஒரு எச்சரிக்கை. டவுனில் பெரிய பலகை போட்டு "தாதிப் பயிற்சி, ஆறு மாதத்தில் வேலை" என்று சொல்லும் இடங்கள் இருக்கின்றன. நகையை அடகு வைத்துப் பணம் கட்டுகிறோம். முடித்த பிறகுதான் அது நோயாளியைப் பராமரிக்கும் உதவியாளர் பயிற்சி என்று தெரியவரும். உதவியாளர் வேலை கேவலமான வேலை இல்லை. ஆனால் அதை முடித்தவர் பதிவு பெற்ற தாதியாக முடியாது. பணம் கட்டுவதற்கு முன்பு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதை முடித்தால் இலங்கை தாதியர் சபையில் பதிவு செய்ய முடியுமா?" பதிலை எழுத்தில் தரச் சொல்லுங்கள். எழுத்தில் தரத் தயங்கினால் அங்கே பணம் கட்ட வேண்டாம்.

நியமனக் கடிதம்

படித்து முடித்த பிறகு நியமனம் வரும்வரை மாதக்கணக்கில் வீட்டில் இருந்தேன். அந்தக் காலத்தில் சும்மா இருக்கக் கூடாது என்று டவுன் பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போனேன். பிபியுவில் வேலை வேண்டும் என்றேன். "அந்தப் பிரிவில் இரண்டு வருட அனுபவம் இருக்கிறதா?" என்று கேட்டார்கள். நேற்றுப் படிப்பு முடித்தவளுக்கு அனுபவம் எங்கே இருக்கும்? வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும். பஸ்ஸில் வரும்போது இதை நினைத்து அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

வீட்டில் அம்மா சொன்னார்: "டீச்சர் வேலைக்குப் போட்டுப் பாரு புள்ள. வீட்டோட இருக்கலாம்." நம்ம பக்கத்தில் படித்த பெண் பிள்ளைக்கு டீச்சர் வேலைதான் பாதுகாப்பு என்ற எண்ணம் இருக்கிறது. அம்மாவைக் குற்றம் சொல்ல முடியாது.

கடைசியில் அரசாங்க நியமனம் வந்தது. கடிதத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் பெயர் இருந்தது. மலையகத்துக்கு வெளியே, வீட்டிலிருந்து பஸ்ஸில் ஆறு மணித்தியாலம். வார்ட்டின் பெயர் அதில் இருக்கவில்லை.

இதைப் பிள்ளைகள் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அரசாங்க நியமனக் கடிதம் உங்களை ஒரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பும். எந்த வார்ட்டு என்பதை அந்த ஆஸ்பத்திரியின் தாதியர் பொறுப்பாளர், நாங்கள் மேற்றன் என்று சொல்பவர், எங்கே ஆள் குறைவோ அதைப் பார்த்துத் தீர்மானிப்பார். பட்டத்தில் எவ்வளவு புள்ளி எடுத்தீர்கள், இறுதி வருடத்தில் எதைப் பற்றி ஆய்வு எழுதினீர்கள் என்பதெல்லாம் அந்தக் காலை அவருடைய மேசைக்கு வராது. இரவுக் கடமைக்கு ஆள் போதுமா என்பதுதான் அவருடைய கவலை.

எனக்குக் கிடைத்தது ஆண்களுக்கான பொது மருத்துவ வார்ட்டு.

அன்று இரவு அப்பாவுக்கு போன் எடுத்து, "வேலையை விட்டுட்டு வரப் போறேன்" என்றேன். அப்பா கவ்வாத்து வெட்டுகிறவர். அதிகம் பேச மாட்டார். "பெரட்டுல நிக்கிறவன் எனக்கு இந்த மலை வேணும்னு சொல்ல முடியுமா புள்ள? கங்காணி சொல்ற மலைக்குப் போறோம். அங்க கத்திய ஒழுங்காப் புடிச்சா, நல்ல மலைக்கு ஆள் தேடுறப்ப நம்ம பேரு ஞாபகம் வரும். மொத நாளே வீட்டுக்கு வந்தா அரைப்பேரும் கெடைக்காது" என்றார்.

நான் நின்றுவிட்டேன்.

மருத்துவ வார்ட்டு தந்தது

அந்த வார்ட்டில் நான் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தேன். தொடக்கத்தில் அது எனக்குத் தண்டனையாகத்தான் தெரிந்தது. நாற்பது கட்டிலுக்கு இரவில் மூன்று பேர் நின்ற நாளும் உண்டு.

அங்கேதான் கை பழகியது. சேலைன் ஏற்றும்போது துளியை எண்ண வேண்டும். பெரியவர்களுக்குப் போடும் சாதாரண செட்டில் 20 துளி ஒரு மில்லிலீற்றர். சின்னப் பிள்ளைகளுக்கான செட்டில் 60 துளி ஒரு மில்லிலீற்றர். இந்தக் கணக்கை நான் வகுப்பில் படித்தேன், பரீட்சையும் எழுதினேன். ஆனால் பக்கத்துக் கட்டிலில் ஒருவர் வாந்தி எடுக்க, எதிர்க் கட்டிலில் ஒருவர் கூப்பிட, அதற்கு நடுவில் பிழையில்லாமல் எண்ணப் பழகியது அந்த வார்ட்டில்தான். பிள்ளைக்கு மருந்து கொடுப்பதே கிலோவுக்கு இவ்வளவு என்ற கணக்கில்தான். ஒரு கிலோவும் சில நூறு கிராமும் உள்ள பிள்ளைக்கு ஒரு புள்ளி இடம் மாறினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

மூச்சை ஒரு நிமிடம் முழுதாக எண்ண வேண்டும் என்பதையும் அங்கேதான் பழகினேன். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்கிப் போட்ட என்னை ஒரு மூத்த சிஸ்டர் கூப்பிட்டு, மறுபடி எண்ண வைத்தார். என் எண்ணிக்கை பிழை. அன்று வெட்கமாக இருந்தது. குறைமாதப் பிள்ளை சில விநாடி மூச்சை நிறுத்தி மறுபடி விடும். அந்த இடைவெளி 20 விநாடியைத் தொட்டால் ஆபத்து. கால் நிமிடம் எண்ணுகிறவளுக்கு அது தெரியவே வராது. அந்தச் சிஸ்டரை இப்போது தினமும் நினைக்கிறேன்.

மூன்றாவது, மொழி. 2007 ஜூலை 1 ஆம் திகதிக்குப் பிறகு அரச சேவையில் சேர்கிறவர்கள் மற்ற அரச கரும மொழியிலும் குறிப்பிட்ட காலத்துக்குள் தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றறிக்கை இருக்கிறது. அதற்காகப் பரீட்சை எழுதினேன். ஆனால் பேசும் சிங்களத்தை எனக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் அந்த வார்ட்டின் நோயாளிகள். வயதான ஒரு ஐயா நான் பிழையாகச் சொல்லும் சொல்லை ஒவ்வொரு நாளும் திருத்துவார்.

ஒரு நாள் பக்கத்து றப்பர் தோட்டத்திலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். தமிழ் மட்டும்தான் தெரியும். இரண்டு நாளாக மருந்தைக் குடிக்காமல் தலையணைக்குக் கீழே வைத்திருந்தார். எல்லோரும் அவர் பிடிவாதக்காரர் என்று நினைத்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். முன்பு அதே நிறத்தில் ஒரு குளிசை குடித்து உடம்பெல்லாம் தடித்ததாம். டொக்டரிடம் சொன்னேன். மருந்தை மாற்றினார்கள். அடுத்த நாளிலிருந்து மற்ற வார்ட்டுகளும் தமிழ் நோயாளி வந்தால் என்னைக் கூப்பிட ஆரம்பித்தன. நமது தாய்மொழி வேலையில் ஒரு தகைமை என்று எனக்கு விளங்கியது அன்றைக்குத்தான்.

கேட்ட விதம்

இருந்தாலும், வேலையை ஒழுங்காகச் செய்தால் யாரோ தானாகப் பார்த்து விரும்பிய இடத்துக்கு அனுப்புவார்கள் என்று நம்பிக்கொண்டு இருக்கக் கூடாது. கேட்க வேண்டும். நம்ம பிள்ளைகளுக்கு இங்கேதான் கஷ்டம். பெரியவர்களிடம் வாய் திறந்து கேட்பது மரியாதைக் குறைவு என்று பழகிவிட்டோம்.

நான் சேர்ந்து நான்கு மாதத்தில் மேற்றனிடம் போய்க் கேட்டேன். "உனக்கு முன்னால் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள்" என்றார். அது உண்மைதான். கோபப்படாமல், "அப்படியென்றால் மூன்றாவதாக என் பெயரைப் போடுங்கள்" என்று சொல்லி, ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். சிங்களத்தில் எழுதினேன், ஒரு தோழி பிழை திருத்தினாள். மூன்று விஷயம்தான் எழுதினேன். எனக்கு எந்தப் பிரிவு வேண்டும், ஏன் வேண்டும். அதற்காக என்ன படித்திருக்கிறேன். அந்தப் பிரிவில் ஆள் குறையும் நாட்களில் மாற்றுக் கடமைக்கு வரத் தயாராக இருக்கிறேன். திகதி போட்டு, பிரதி ஒன்றை என்னிடம் வைத்துக்கொண்டேன்.

அந்த மூன்றாவது விஷயம்தான் கதவைத் திறந்தது. பிபியுவில் யாராவது லீவு எடுத்தால் என்னைக் கூப்பிட்டார்கள். முதல் நாள்களில் எனக்குக் கொடுத்த வேலை பாத்திரம் கழுவிக் கொதிக்க வைப்பது, தாய்மாருக்குக் கை கழுவக் காட்டிக் கொடுப்பது. செய்தேன். செய்துகொண்டே மற்றவர்கள் எப்படிப் பிள்ளையைத் தூக்குகிறார்கள், எப்படிக் குழாயில் பால் கொடுக்கிறார்கள் என்று பார்த்தேன். ஆறு மாதம் கழித்து மறுபடி ஒரு கடிதம், முதல் கடிதத்தின் பிரதியோடு. நான் சேர்ந்து பதினாலாவது மாதம், ஒருவர் இடமாற்றம் பெற்றுப் போனார். எனக்கு முன்னால் காத்திருந்தவர்களில் ஒருவர் வேறு பிரிவுக்குப் போய்விட்டார், மற்றவர் ஏற்கெனவே பிபியுவுக்குள் வந்துவிட்டார். மேற்றன் என்னைக் கூப்பிட்டார்.

கண்ணாடிப் பெட்டிக்கு இந்தப் பக்கம்

பிறக்கும்போது இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்தால் நிறை குறைந்த பிள்ளை என்கிறோம். நாட்டின் மற்ற பகுதிகளைவிடத் தோட்டப் பகுதியில் இப்படிப் பிறக்கும் பிள்ளைகள் அதிகம். தாயின் சாப்பாடு, இரத்தச் சோகை, வயிற்றில் பிள்ளையோடு மலை ஏறி இறங்கும் வேலை, எல்லாம் அதில் சேர்ந்திருக்கிறது. இதை இந்த மண்டபத்தில் நான் விளக்க வேண்டியதில்லை.

கங்காரு முறை என்று ஒன்று இருக்கிறது. 1978 இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரத்தில், இன்குபேட்டர் போதாத ஆஸ்பத்திரி ஒன்றில் தொடங்கியது. பிள்ளையை உடுப்பில்லாமல், தொப்பியும் நெப்பியும் மட்டும் போட்டு, தாயின் நெஞ்சோடு நெஞ்சாக வைத்துக் கட்டிவிடுவோம். தாயின் உடம்புச் சூடுதான் பிள்ளைக்குப் பெட்டி. பிள்ளையின் சூடு 36.5 க்கும் 37.5 பாகைக்கும் இடையில் நிற்க வேண்டும், அது நிற்கும். பால் குடிப்பதும் கூடும். ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணித்தியாலம் வரை இப்படி வைத்திருக்கும்படி 2022 இல் உலக சுகாதார ஸ்தாபனம் பரிந்துரைத்திருக்கிறது. தகப்பனும் வைத்திருக்கலாம்.

நான் பிபியுவுக்குப் போன முதல் வாரத்தில் ஒரு தாய் இருந்தார். கொழுந்து எடுக்கிறவர். பிள்ளை ஒரு கிலோ நானூறு. நெஞ்சில் வைக்கச் சொன்னால் பயப்பட்டார். "என் கை சொரசொரப்பு மிஸ். காயம் வந்திடும்" என்றார். தமிழில் சொன்னேன்: "கை வேணாம் அக்கா, நெஞ்சு போதும். கையால சும்மா மேல தாங்கிப் புடிங்க." வைத்தோம். கொஞ்ச நேரத்தில் பிள்ளையின் மூச்சு சீராகியது. அவர் அசையாமல் மூன்று மணித்தியாலம் இருந்தார்.

பிறகு அவர் கேட்டது லீவைப் பற்றி. இது மூன்றாவது பிள்ளை, அரைவாசி நாள்தானே லீவு என்றார். 2018 திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளையானாலும் 12 வாரம் என்று சொன்னேன். தோட்டத் தலைவரிடம் போய்ச் சொல்லச் சொன்னேன். இதைச் சங்கக் கூட்டத்தில் கேட்டதால்தான் எனக்குத் தெரிந்திருந்தது. எந்தத் தாதிப் புத்தகத்திலும் அது இல்லை.

அன்று இரவு அம்மாவுக்கு போன் எடுத்து, "இப்ப தாய்மார் தொடலாம்மா. தொடத்தான் சொல்றோம்" என்றேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சாப்பிட்டியா என்று கேட்டார்.

படிப்பு முடித்தவர்களுக்கு

இனி சுருக்கமாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் நியமனம் எங்கே கிடைத்தாலும் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். விரும்பிய வார்ட்டு கிடைக்கவில்லை என்று கடிதத்தைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

உங்கள் விருப்பப் பிரிவு அந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறதா என்று முதல் மாதமே பாருங்கள். சின்னப் பிரதேச வைத்தியசாலையில் அதிதீவிர சிகிச்சைப் பிரிவு இருக்காது. இல்லாவிட்டால், பெரிய ஆஸ்பத்திரிக்கு வருடாந்த இடமாற்றம் கேட்பதுதான் உங்கள் வழி. விண்ணப்பத் திகதியைத் தவறவிடாதீர்கள்.

விருப்பத்தை எழுத்தில் கொடுங்கள். பிரதி வைத்திருங்கள். ஒரு தடவை இல்லை என்று சொன்னால் ஆறு மாதம் கழித்து மறுபடி கொடுங்கள். மாற்றுக் கடமைக்குப் போங்கள். அந்த வார்ட்டின் ஆட்களுக்கு உங்கள் முகமும் கையும் பழக வேண்டும்.

தனியார் ஆஸ்பத்திரியில் அனுபவம் கேட்டு மறுத்தால் மனம் உடையாதீர்கள். பொது வார்ட்டில் சேர்கிறேன், ஒரு வருடத்தில் பிரிவு மாற்றித் தருவீர்களா என்று கேளுங்கள். தருவதாகச் சொன்னால் அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

வெளிநாட்டுக்குப் போக நினைப்பவர்கள், முதலில் இங்கே பதிவும் அனுபவமும் எடுங்கள். ஏஜென்சிக்காரருக்கு ஒரு சதம் கொடுப்பதற்கு முன்பு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பணியகத்திலேயே விசாரியுங்கள்.

பெற்றோருக்கும் சங்கத்துக்கும்

பெற்றோரே, பிள்ளை முதல் மாதம் அழுதுகொண்டு போன் எடுக்கும். "வந்துவிடு" என்று உடனே சொல்லாதீர்கள். என் அப்பா அன்று வா என்று சொல்லியிருந்தால் நான் வந்திருப்பேன். ஆனால் தங்கும் இடம் பாதுகாப்பில்லை, யாராவது தொல்லை தருகிறார்கள் என்று பிள்ளை சொன்னால் அது வேறு விஷயம். அதைக் கேளுங்கள், உடனே நடவடிக்கை எடுங்கள்.

சங்கத் தலைவர்மாரே, உங்களிடம் மூன்று கோரிக்கை. தாதிப் படிப்பு முடித்த, படிக்கின்ற நம்ம பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் ஒன்றைத் தோட்டம் தோட்டமாகத் தயாரியுங்கள். முன்னால் போனவள் பின்னால் வருபவளுக்கு வழி சொல்லலாம். இரண்டாவது, விஞ்ஞானப் பிரிவு இல்லாத நமது பாடசாலைகளுக்கு ஆசிரியர் கேட்டு எழுதுவதை நிறுத்தாதீர்கள். அந்த வகுப்பு இல்லாவிட்டால் நான் பேசிய எதற்கும் பொருளில்லை. மூன்றாவது, ஆஸ்பத்திரியில் தமிழில் விளக்கம் கிடைக்காமல் ஒரு தாய் திரும்பி வந்தால், அதை விதி என்று விடாதீர்கள். தமிழும் அரச கரும மொழி. அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு எழுதலாம். எழுதுவதற்குச் சங்கம் உதவ வேண்டும். முறைப்பாடுகள் போனால்தான் தமிழ் தெரிந்த தாதிமார் மலையக ஆஸ்பத்திரிகளுக்கு எவ்வளவு பேர் தேவை என்பது மேலே உள்ளவர்களுக்குத் தெரியும்.

2017 மே மாதம் டிக்கோயாவில் 150 கட்டில்களோடு புதிய ஆஸ்பத்திரிக் கட்டிடம் திறந்தபோது நான் செய்தியில் பார்த்தேன். கட்டிடத்தை வெளிநாட்டு உதவியில் கட்டலாம். அதற்குள் நின்று தாய்க்குத் தமிழில் விளக்கம் சொல்லும் பிள்ளைகள் இந்த லயங்களிலிருந்துதான் போக வேண்டும்.

நானும் மலையகத்துக்கு இடமாற்றம் கேட்டு எழுதியிருக்கிறேன். இரண்டு தடவை கிடைக்கவில்லை. என் விருப்பத்தில் பாதி கிடைத்துவிட்டது, வார்ட்டு கிடைத்துவிட்டது. மீதிப் பாதிக்கு இந்த வருடமும் விண்ணப்பம் போட்டிருக்கிறேன், பிரதி பையில் இருக்கிறது.

கூட்டம் முடிந்ததும் நான் பின்பக்க வாங்கில் உட்கார்ந்திருப்பேன். கடைசி பஸ் ஐந்து மணிக்கு. மேற்றனுக்கு எழுதிய அந்தக் கடிதத்தின் பிரதியையும் கொண்டுவந்திருக்கிறேன். வேண்டியவர்கள் பார்த்து எழுதிக்கொள்ளலாம்.